பின்னேரம் நாலரைக்கு வையுங்கள், வருவார்கள்: சைக்கிள் பற்றிய வாசகர் கேள்வி பதில்

கலியாணத்தோடு சைக்கிளை விட்டுவிட்ட ஒரு வாசகி, பதினைந்து வருடம் கழித்து மறுபடி எடுக்கலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தார். எடுங்கள் என்று நாலே வரியில் பதில் எழுதினேன். அந்த நாலு வரிக்கு இலங்கையின் கிழக்குக் கரையில் வாகரையில் இருந்து பொத்துவில் வரைக்கும் கடிதங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்கச் சைக்கிள்தான். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, கல்லடியில் நண்பர்கள் சேர்ந்து ஒரு சைக்கிள் குழு நடத்துகிறோம். ஞாயிறு காலை 5 மணிக்குப் பழைய பாலத்தடியில் கூடி ஓடுவோம், மாதத்தில் ஒரு தடவை பாசிக்குடா வரை போய் வருவோம். கட்டணம் இல்லை. 'பெண்களும் வரலாம்' என்று எல்லா அறிவித்தலிலும் போடுகிறோம். முப்பது பேரில் ஒரு பெண்கூட இல்லை. அவர்களுக்கு ஆர்வம் இல்லையா?
*வாசகர், கல்லடி*

தம்பி, ஆர்வம் இல்லை என்று முடிவுகட்ட முதல், ஞாயிறு காலை 5 மணிக்கு உங்கள் வீட்டில் அம்மாவும் அக்காவும் என்ன செய்கிறார்கள் என்று ஒருக்கால் பாருங்கள். தேங்காய் துருவுவார்கள், பிட்டுக்கு மா குழைப்பார்கள், அது முடிய பிள்ளைகளைக் குளிக்கவார்த்து அறநெறிப் பாடசாலைக்கு வெளிக்கிடுத்த வேண்டும், கிறிஸ்தவ வீடென்றால் பூசைக்குப் போக வேண்டும். எல்லாரும் வீட்டில் நிற்கிற நாள் என்பதால் மத்தியானச் சமையலும் அன்றைக்குத்தான் பெரிது. நீங்கள் தெரியாமல்தான் அந்த நேரத்தை வைத்தீர்கள், ஆனால் ஏழு நாளில் ஒரு பெண்ணுக்கு வீட்டை விட்டு இறங்கவே ஏலாத நேரம் அதுதான்.

இருட்டும் இருக்கிறது. நம்முடைய ஊரில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் விடிகிறது. முப்பது பேராகக் கூடியபின் உங்களுக்குப் பயமில்லை, சரி. நாவற்குடாவில் இருந்தோ புளியந்தீவில் இருந்தோ அந்தப் பாலத்தடிக்கு அவள் தனியாகத்தானே வரவேண்டும்? அந்தத் துண்டு தூரத்தை யாரும் யோசிப்பதில்லை.

பாசிக்குடா போய் வர 60 கிலோமீற்றருக்கு மேல். அது நல்ல ஓட்டம், விடச் சொல்லவில்லை. ஆனால் முன்பள்ளிக்குப் பிள்ளையை இறக்கி, அங்கிருந்து சந்தை, சந்தையில் இருந்து தாய்வீடு, திரும்பி வரும்போது கிளினிக் என்று சின்னச் சின்னத் துண்டுகளாக, கையில் சாமானோடும் பின்னால் பிள்ளையோடும் போகிறவளுக்கு உங்கள் பாசிக்குடாவால் என்ன பயன்? பெண்களின் பயணம் இப்படி நாலு இடத்தைத் தொட்டுப் போவதாகத்தான் பல நாடுகளிலும் இருக்கிறது. நெதர்லாந்தில் சைக்கிள் பயணங்களில் பாதிக்கு மேல் பெண்களுடையவை. அங்கே கடைக்கும் பள்ளிக்கும் பயமில்லாமல் போய் வரத் தெரு அமைத்திருக்கிறார்கள், அதுதான் காரணம். நம்முடைய பக்கம் தெரு அமைக்க உங்கள் குழுவால் ஏலாது, ஆனால் எங்கே போவது என்பதை மாற்ற ஏலும்.

இன்னுமொன்று, இதை என்னிடம் மூன்று பிள்ளைகள் தனித்தனியாகச் சொன்னார்கள். ஓட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் படம் பேஸ்புக்கில் ஏறிவிடுகிறது. வியர்த்த முகத்தோடு, ஷோல் விலகினபடி நிற்கிற படத்தை மாமன் பார்த்து, பெரியப்பா பார்த்து, அடுத்த ஞாயிறு அவள் வரமாட்டாள். வட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் அவளுடைய நம்பர் முப்பது ஆண்களின் கைக்குப் போகிறது, இரவு பத்து மணிக்கு 'ஹாய் தங்கச்சி' வருகிறது. உங்கள் குழுவில் அப்படி ஒருவரும் இல்லை என்று நீங்கள் நம்பலாம், ஆனால் புதிதாக வருகிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? படம் எடுக்க முதல் கேளுங்கள், போட முதல் இன்னொருக்கால் கேளுங்கள். பெண்களுக்கென்று தனிக் குழு வைத்து அதை ஒரு பெண் நடத்தட்டும்.

அப்புறம், மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு வைத்துப் பாருங்கள். ஆறு ஏழு கிலோமீற்றர் போதும், வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரும் வீடு சேர வேண்டும். பழைய பாலம் 1924இல் திறந்தது. பக்கத்தில் புதிய பாலம் 2013இல் வந்தபிறகு பெரிய வாகனங்கள் அதிலேதான் போகின்றன, அதனால் பழகுகிறவர்களுக்குப் பழைய பாலம் நல்ல இடம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் முதலில் காற்றுக்கு எதிராகப் போய், களைத்தபின் காற்றோடு திரும்புகிற மாதிரிப் பாதையைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் புதிதாக வந்தவள் கடைசி இரண்டு கிலோமீற்றரில் அழுதுவிடுவாள். ஆக மெதுவாக வருகிறவளின் வேகம்தான் எல்லாருடைய வேகமும். கடைசியில் ஓடி வருகிறவர் ஒரு பெண்ணாக இருக்கட்டும். நடுவில் நிற்கிற இடத்தில் கழிப்பறை இருக்க வேண்டும், இதை ஆண்கள் மறந்தேவிடுகிறார்கள். பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தால் வேண்டாமென்று சொல்லாதீர்கள். சைக்கிள் இல்லாதவளுக்கு நாலு சைக்கிளும் இரண்டு மூன்று ஹெல்மட்டும் கடனாகக் கொடுக்க வைத்திருங்கள்.

இதெல்லாவற்றுக்கும் முதல், உங்கள் ஒழுங்கையில் பத்துப் பெண்களிடம் போய் எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே போக விருப்பம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். நான் சொன்ன நாலரையை அவர்கள் மாற்றச் சொன்னால் அவர்கள் சொல்கிற நேரமே சரி.

எனக்கு 47 வயது. கொக்கட்டிச்சோலைப் பக்கம். கணவர் இல்லை, தையல் வேலை செய்கிறேன். துணி எடுக்க வாவிக்கு மற்றப் பக்கம் எழுவான்கரைக்கு வரவேண்டும், பஸ்ஸுக்கு நின்றே அரைநாள் போகிறது. முந்தி மண்முனையில் பாதைப் படகு ஏறி வருவோம், இப்போது பாலம் இருக்கிறது, ஆனால் எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. இந்த வயதில் பழகினால் விழுந்து கையை காலை முறித்துக்கொள்வேனோ, சனம் சிரிக்குமோ என்று வெட்கமாக இருக்கிறது.
*வாசகி, படுவான்கரை*

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபோது படுவான்கரைச் சனம் எவ்வளவு சந்தோஷப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்தப் பாலத்தால் நீங்களும் நினைத்த நேரத்துக்குப் போய் வர வேண்டும். பழகுங்கள். விழாமலே பழகுகிற வழி ஒன்று இருக்கிறது, வெளிநாடுகளில் வயதுவந்தவர்களுக்கு இப்படித்தான் பழக்குகிறார்கள்.

சின்ன லேடீஸ் சைக்கிள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பெடலையும் கழற்றச் சொல்லுங்கள். வலது பக்கப் பெடல் வழக்கம்போல இடது பக்கம் திருப்பக் கழரும், இடது பக்கப் பெடலுக்கு மரை மாறி இருக்கும், அதை வலது பக்கம் திருப்ப வேண்டும். தெரியாமல் இழுத்தால் மரை தேய்ந்துவிடும், பயமென்றால் சைக்கிள் கடையில் கொடுத்துவிடுங்கள். சீற்றை, நீங்கள் இருக்கும்போது இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படுகிற அளவுக்கு இறக்குங்கள். இப்போது அது சைக்கிள்மாதிரி இல்லை, சில்லு வைத்த கதிரை மாதிரி. அதில் இருந்து நடவுங்கள். நடந்து நடந்து காலால் உந்தி, இரண்டு காலையும் தூக்கி இரண்டு மூன்று யார் சறுக்குங்கள். முன் சில்லைப் பார்க்காதீர்கள், தூரத்தில் ஒரு மரத்தைப் பாருங்கள். பிரேக் பிடிக்கவும் இந்த நேரத்திலேயே பழகிவிட வேண்டும். நிறுத்தத் தெரியும் என்கிற நம்பிக்கை வந்தால்தான் பயம் போகும். பத்துப் பதினைந்து யார் கால் படாமல் சறுக்க வந்துவிட்டால் பெடலைப் பூட்டலாம். நாளுக்கு அரை மணித்தியாலம் முக்கால் மணித்தியாலம் போதும்.

பின்னால் ஒருவரைச் சீற்றைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். பிடித்தால் சமநிலை அவருடைய கைக்குப் போய்விடும், அவர் விட்டதும் விழுவீர்கள். என் அப்பா பிடித்துத்தான் நான் ஆரையம்பதி மணல் ஒழுங்கையில் பழகினேன், அவருடைய பெரிய சைக்கிளில் குறுக்குப் பாருக்குக் கீழால் காலை விட்டு, முழங்காலில் அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. மணலும் வேண்டாம், சில்லு புதைந்து ஆட்டும். இறுகின கிரவல் நிலமோ கோயில் வெளிவீதியோ பாருங்கள்.

வெட்கத்துக்கு ஒரே மருந்து, தனியாகப் பழகாமல் உங்கள் வயதில் இன்னும் இரண்டு பேரைச் சேர்ப்பது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் பழக்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது அங்கே மாவட்ட ஆட்சியர். கல்லுடைக்கிற பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், கிராமத் தாதிகள் என்று ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் பழகினார்கள், 70,000க்கும் மேற்பட்டவர்கள் ஊர் பார்க்க ஓடியும் காட்டினார்கள். சிரித்த சனம் இருந்திருக்கும். ஆனால் அத்தனை பேரைப் பார்த்து எத்தனை நாளைக்குச் சிரிப்பது?

லேடீஸ் சைக்கிளா, பார் வைத்த சைக்கிளா நல்லது?
*வாசகி, களுவாஞ்சிகுடி*

சேலை, பாவாடை என்றால் பார் இல்லாதது ஏறி இறங்கச் சுகம். சல்வார் போடுகிறவர்களுக்கு எதுவும் சரி. புதுக்கோட்டையில் லேடீஸ் சைக்கிள் கடைகளில் முடிந்துபோய்ப் பெண்கள் பார் வைத்ததை வாங்கினார்கள், சிலருக்கு அதுவே விருப்பம், ஏனென்றால் பாரில் பிள்ளையை இருத்தலாம். உங்கள் உயரத்துக்குச் சரியா, கரியர் உறுதியா, இந்த இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன். கடற்கரைப் பக்கம் இருப்பதால் உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை துடைத்து எண்ணெய் விடுங்கள்.

நாங்கள் சம்மாந்துறையில் ஏழெட்டுப் பேர், எல்லாரும் வீட்டில் கேட்டுவிட்டோம். ஆண்கள் இல்லாத இடமென்றால் வாப்பாமாருக்குச் சம்மதம். ஆனால் அபாயாவோடு ஓட ஏலுமா, சில்லில் சிக்காதா? பழக்குகிறோம் என்று வந்த ஒரு குழு, முதல் வேலையாக உடுப்பை மாற்றச் சொன்னது. அதோடு விட்டுவிட்டோம்.
*வாசகி, சம்மாந்துறை*

அவர்கள் செய்தது பிழை, அதை நேரடியாகவே சொல்கிறேன். சாரம் கட்டிக்கொண்டு எத்தனையோ ஆண்கள் சைக்கிளில் வயலுக்குப் போய் வருகிறார்கள், அவர்களிடம் யாரும் உடுப்பை மாற்றிக்கொண்டு வா என்று சொன்னதில்லை. உடுப்புக்கு ஏற்ற மாதிரிச் சைக்கிளைத் திருத்த ஏலும்.

செயினை முழுதாக மூடுகிற கவர் போடுங்கள், அரைக் கவர் காணாது. பின் சில்லின் இரண்டு பக்கமும் வலை மாதிரி ஒரு காப்பு பூட்ட வேண்டும், கடையில் கிடைக்காவிட்டால் மட்கார்ட்டில் ஓட்டை போட்டு நைலோன் நூலால் பின்னிவிடலாம், நம்முடைய பக்கம் வலை பின்னத் தெரியாத ஊரா? பார் இல்லாத சைக்கிளை எடுங்கள். கீழ்ப்பக்கம் அகலமான அபாயாவும் உள்ளே காற்சட்டையும் வசதி. கால் உயரும்போது இழுபடாது. ஷோலின் நுனியைத் தொங்கவிடாமல் உள்ளே செருகுங்கள், பின் சில்லில் சிக்கினால் கழுத்தை இறுக்கும், இதில் மட்டும் கவனக்குறைவு வேண்டாம். சேலை கட்டுகிறவர்களுக்கும் இதேதான்.

இடத்துக்கு, மதில் உள்ள ஒரு பெண்கள் பாடசாலை அதிபரிடம் கேளுங்கள். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டபின் மைதானம் சும்மா கிடக்கிறது. கடிதமாக எழுதி, நாள், நேரம், பொறுப்பான ஆசிரியை ஒருவரின் பெயர் எல்லாம் போட்டுக் கொடுத்தால் அதிபருக்கும் சம்மதிக்க இலகு. ஓடத் தெரிந்த ராத்தா ஒருவர் நிச்சயம் ஊரில் இருப்பார், அவரே பழக்கட்டும். மைதானத்தில் பழகினபின் தெருவுக்கு வருவதா இல்லையா என்பது நீங்கள் ஏழெட்டுப் பேரும் வீட்டாரும் கதைத்து எடுக்க வேண்டிய முடிவு. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 16 வயது. ரியூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது மோட்டார் சைக்கிளில் இரண்டு பொடியன்கள் குறுக்கே வெட்டுவதும் கெட்ட கதை சொல்வதுமாக இருக்கிறார்கள். ஒரு நாள் பயத்தில் விழுந்துவிட்டாள். கணவர் சைக்கிளைப் பூட்டிவைத்துவிட்டார். அவருக்கு ஏலுமான நாளில் மட்டும் கூட்டிப்போகிறார், மற்ற நாள் வகுப்பு இல்லை. சாதாரண தரப் பரீட்சை வருகிறது.
*ஒரு தாய், திருக்கோவில்*

அம்மா, பிழை செய்தது அந்தப் பொடியன்கள், சைக்கிள் பூட்டப்பட்டது மகளுடையது. உங்கள் கணவரைக் குறை சொல்லவில்லை, பிள்ளை விழுந்து வந்தால் எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வார். ஆனால் இப்படியே விட்டால் போவது பரீட்சை.

முதலில் ரியூஷன் ஆசிரியரிடம் போய், பெண்பிள்ளைகள் உள்ள வகுப்பை ஐந்து மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள், இன்னும் நாலு தாய்மாரைக் கூட்டிக்கொண்டு போனால் கட்டாயம் கேட்பார். அதே பக்கம் போகிற பிள்ளைகள் ஐந்தாறு பேரைச் சேர்த்துவிடுங்கள், கடைசிப் பிள்ளையின் வீடு வரைக்கும் யாரும் தனியாகாத மாதிரி ஒழுங்கு செய்யுங்கள். மோட்டார் சைக்கிளின் நம்பரை மகள் மனதில் வைத்து வந்து சொல்லட்டும், நின்று வாக்குவாதப்பட வேண்டாம். சின்ன ஊர், யாருடைய பிள்ளைகள் என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போதும், ஊர்ப் பெரியவர்கள் ஊடாக அந்தப் பெற்றோரிடம் கதைத்துப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவுக்குப் போங்கள், தயங்க வேண்டாம். 1995இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு குற்றம், சொல்லால் செய்தாலும் குற்றம், 5 வருடம் வரை சிறை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929.

கணவருக்கு ஒன்று சொல்லுங்கள். இந்தியாவில் பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பிறகு ஆராய்ந்தவர்கள் அந்த வயதுப் பெண்பிள்ளைகள் பாடசாலையில் சேர்வது 32 வீதம் கூடியதாகக் கண்டார்கள், அதுவும் பாடசாலை தூரமான கிராமங்களில்தான் கூடுதலாக. ஒரு பிள்ளை தனியாகப் போகிற ரோட்டில் கத்துகிறவனுக்கு, இருபது பிள்ளைகள் போகிற ரோட்டில் வாய் வராது.

சைக்கிள் ஓடினால் கர்ப்பப்பை இறங்கும் என்று மாமி சொல்கிறாவே?
*வாசகி, செங்கலடி*

இறங்காது. மாதவிலக்கு நாட்களிலும் உடம்பு ஏலுமென்றால் ஓடலாம். கர்ப்பமாக இருப்பவர்கள் விழுகிற ஆபத்துக்காகத்தான் கவனமாக இருக்க வேண்டும், அதைக் கிளினிக்கில் கேளுங்கள். நம்முடைய ஊர்களில் வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பார்த்த குடும்பநல மாதுக்கள் எத்தனை வருடம் சைக்கிளிலேயே வந்தார்கள் என்று மாமிக்கும் ஞாபகம் இருக்கும்.

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு 10 சைக்கிள் தர ஒருவர் சம்மதித்திருக்கிறார். 38 உறுப்பினர்கள். யாருக்குக் கொடுப்பது, எப்படிப் பிரிப்பது என்று கூட்டத்தில் ஒரே சண்டை.
*சங்கத் தலைவி, அக்கரைப்பற்றுப் பக்கம்*

ஒருவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சங்கத்தின் பெயரில் வைத்துக் கிழமைக் கணக்கில் கடன் கொடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்கச் சைக்கிள் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஒழுங்கையில் பெண்களின் பெயரில் கொடுத்தவை ஒரு மாதத்துக்குள் அண்ணன், தம்பி, கணவன் கைக்குப் போய்விட்டன. ஆண்களும் பிழைப்புக்குத்தான் எடுத்தார்கள், கடலுக்குப் போக வேண்டும், கூலிக்குப் போக வேண்டும். வீட்டில் ஒரே ஒரு சைக்கிள் இருந்தால் அது யாருடையது என்பதை யாரும் கேட்பதில்லை. நம்முடைய பக்கம் குடி என்கிற குலம் தாய்வழியில் வருகிறது, வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் எழுதுகிறோம், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து இருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் சைக்கிள் மட்டும் ஏன் இப்படிக் கைமாறுகிறது என்று எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. சங்கத்தின் சைக்கிள் என்றால் 'நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்' என்று வீட்டில் சொல்ல ஒரு சாட்டு இருக்கும்.

பத்தையும் ஒரே அளவில் வாங்காதீர்கள், 24 அங்குலச் சில்லு வைத்தது குறைந்தது நாலு இருக்கட்டும், நம்முடைய பெண்கள் பலர் கட்டை. 38 பேரில் ஓடத் தெரியாதவர்களை முதலில் எண்ணுங்கள், பாதிக்கு மேல் இருக்கலாம், அவர்களுக்கு இரண்டு சைக்கிளைப் பெடல் கழற்றிப் பழகவே விட்டுவிடுங்கள். மழைக்காலம் தொடங்கினால் ஒழுங்கையெல்லாம் வெள்ளம், ஆகையால் பழக்குவதைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு வருடம் போனபின், ஒழுங்காக ஓடுகிறவர்கள் சொந்தமாக வாங்கச் சீட்டுப் போடலாம். பத்துப் பேர் மாதாமாதம் கட்டினால் மாதம் ஒருத்திக்குச் சைக்கிள். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது சைக்கிள் விலை எப்படி ஏறினது என்று பார்த்தோம். அந்த மாதிரி நேரத்துக்கு நிற்காமல் இப்போதே தொடங்குங்கள்.

இரண்டு பெண்களுக்கு ரியூப் ஒட்டப் பழக்குவது மிக முக்கியம். காற்றுப் போன சைக்கிள் கடைக்குப் போகாமல் வீட்டு மூலையில் சாய்ந்து, அப்படியே துருப்பிடித்துப் போவதை எத்தனை வீட்டில் கண்டிருக்கிறேன். கடைக்கு உருட்டிப் போகவும் ஆண் ஒருவருக்காகக் காத்திருப்பார்கள். ரயர் கழற்றுகிற இரும்பு இரண்டு, ஒட்டுத் துண்டு, சொலூசன், உரஞ்சுகிற தாள், ஒரு பம்ப், ஒரு வாளி தண்ணீர், வேறொன்றும் தேவையில்லை, ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். அந்தப் பெட்டியைத் தலைவியின் வீட்டில் வைக்காமல் சங்கக் கட்டிடத்திலேயே வையுங்கள், திறப்பு மூன்று பேரிடம் இருக்கட்டும்.